பொட்டு வைத்த ஹாட் டிஸ்க்

வெள்ளவத்தையில் ஒரு நீலத் திரை இருக்கிறதாம். அதற்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்தவன் வீடு திரும்புவதில்லையாம்.

இதை எனக்கு முதலில் சொன்னவர், மரக்கறிக் கடையில் பக்கத்தில் நின்று முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஓய்வுபெற்ற கிளாக்கர். அடுத்ததாகச் சொன்னவர் கொட்டாஞ்சேனையில் முடி வெட்டுகிறவர். அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. கொழும்புக்குள்ளேயே, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேருவதற்குள் மனிதர்களாகிய நாங்கள் வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் இறங்கி, ஐடென்டி காட்டை நீட்டி, சிங்களத்தில் பணிவாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த காலம். வதந்தி மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டது. அதை இறக்கி விசாரித்தவர் ஒருவருமில்லை.

வதந்திகளைச் சரிபார்ப்பது என் தொழிலுக்கு ஆகாது. சரிபார்த்தால் எழுத ஒன்றும் மிஞ்சாது. ஆனால் முடி வெட்டுகிறவர் சான்று வைத்திருந்தார். மேசைக்குக் கீழே கிடந்த பழைய பேப்பர்களை எடுத்து, 'காணவில்லை' அறிவித்தல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

"காதுக்குப் பக்கத்தில பாருங்க சேர்."

பார்த்தேன். ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால், இடது காதருகே, மெல்லிய கோடு ஒன்று கீழிறங்கியது. திரை கிழிந்து தைத்த கோடு. வெவ்வேறு வயது, வெவ்வேறு பெயர், வெவ்வேறு மாதத்துப் பேப்பர். கோடு மட்டும் ஒன்று. கறுப்பு வெள்ளை அச்சில் நீலம் தெரியவில்லை, தையல் தெரிந்தது. மிச்ச முடியை வெட்டி முடிக்கும்வரை என் இடது காது குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

அந்தத் திரை இருந்த ஸ்டூடியோ, வெள்ளவத்தையின் பெருந்தெருவான காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. ஒரு பக்கம் லொட்ஜ், மறுபக்கம் டியூசன் வகுப்பு, எதிரே பலீல் என்பவரின் கூல் ஸ்பொட் என்கிற குளிர்பானக் கடை, ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். கடைச் சொந்தக்காரர் சிவபாதசுந்தரம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். திருநீறு, அரைக்கைச் சட்டை, பின்னால் யாரோ நிற்பதுபோல அடிக்கடி திரும்பிப் பார்க்கும் பழக்கம். நான் படியேறியதும் கேட்டது ஒரே கேள்வி: பதிவுக்கோ, பாஸ்போட்டுக்கோ? வதந்தியைச் சோதிக்க என்று சொல்ல நா எழவில்லை. கொழும்பில் தங்கும் தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்கு என்றேன். கதிரையில் இருத்தி, இரண்டு விரலால் என் நாடியை நிமிர்த்தினார்.

"சிரிக்காதேங்கோ. சிரிச்ச படம் எடுக்கமாட்டினம்."

எனக்குச் சிரிக்கும் எண்ணம் அறவே இருக்கவில்லை. தையல் எனக்குப் பின்னால் இருந்தது.

படம் எடுத்து முடிந்தபின் மெல்லக் கதையைத் தொடங்கினேன். அவர் கோபிக்கவில்லை.

"நானும் கேள்விப்பட்டனான். என்ர ஐடென்டி காட் படமும் இந்தத் திரைக்கு முன்னால எடுத்ததுதான். நான் இன்னும் இருக்கிறன்." கமெராவின் மூடியை மூடினார். "அப்பிடித்தான் நினைக்கிறன்."

பிறகு பல மாலைகள் அவரிடம் போனேன். வதந்தி தலைகீழாக நின்றது என்பது முதல் மாலையே புரிந்துவிட்டது. படம் எடுத்ததால் ஆட்கள் காணாமல் போகவில்லை. காணாமல் போகிறவர்களுக்கு வேறெங்கும் படம் இருக்கவில்லை. வடக்கிலிருந்து ஒரு பையோடு வந்து லொட்ஜில் தங்குகிறவனுக்குக் கொழும்பில் அல்பம் ஏது? வடக்குக்குப் போகும் ஏ-ஒன்பது வீதி பூட்டியபின் ஊரிலிருந்து எடுப்பிக்கவும் வழியில்லை. பொலிஸ் பதிவுக்கென்று பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்த படமொன்றுதான் அவன் இந்த நகரத்துக்கு வந்ததற்கு அத்தாட்சி. அவனைக் காணவில்லை என்றதும் வீட்டுக்காரர் அழுதுகொண்டு ஓடிவருவது இங்கேதான். மற்ற ஸ்டூடியோக்காரர் மாதம் முடிய எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். சிவபாதசுந்தரம் அழிப்பதில்லை. அதனால் பேப்பரில் வந்த முகங்களின் காதருகே எல்லாம் அவருடைய திரை. சனம் திரையைப் பிடித்துக்கொண்டது. சனத்தால் பிடிக்கக்கூடியது அதைத்தான். மற்றவற்றைப் பிடிக்கப் போனால் சனத்தையல்லவா பிடிப்பார்கள்.

அழிக்காததற்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, அங்கே அவர் வைத்திருந்த ஸ்டூடியோவின் நெகட்டிவ் பெட்டிகளைத் தூக்குவதா, நடக்க முடியாத தாயைத் தூக்குவதா என்று அவர் வாசலில் நின்றிருக்கிறார். தாயைத் தூக்கினார். ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பின்னர் ஆட்கள் வந்து, செத்தவர்களின் படத்துக்கு நெகட்டிவ் கேட்டபோது தாயை எடுத்துக் காட்டவா முடியும்? கொழும்புக்கு வந்தபின் அந்த மனிதர் எதையும் எறிந்ததில்லை.

கொம்பியூட்டர் வந்தபோது அவருக்கு விடுதலை வந்ததுபோல இருந்ததாம். ஊர்ச் சனம் முழுவதையும் ஒரு சோப்புப் பெட்டி அளவில் அடைக்கலாம். அடுத்த முறை ஓடும்போது சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டு கையும் வெறுமையாக ஓடலாம். விற்றவன், ஐயா உங்களைவிட இது நாளிருக்கும் என்றிருக்கிறான். அட்டைப்பெட்டி மட்டும் அடக்கமாக மூன்று வருட உத்தரவாதம் என்றது. அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் ஆட்களுக்கு அவ்வளவு தாராளமான உத்தரவாதம் ஒருவரும் கொடுக்கவில்லை.

அவரை அப்பாவி என்று நினைக்க வேண்டாம். முதலில் சீடியில் பிரதி எடுத்தார். உப்புக் காற்றில் பாதி பூஞ்சணம் பிடித்தது. மீதியைத் தேடுதலுக்கு வந்தவர்கள் கொண்டுபோனார்கள்; இன்னும் பார்த்து முடிக்கவில்லை போலும். அதன் பிறகு இரண்டாவது ஹாட் டிஸ்க் வாங்கி, முதலாவதில் இருப்பதை எல்லாம் அதிலும் ஏற்றினார். ஒன்று போனால் மற்றது. படித்தவர்கள் சொல்லும் புத்தியும் இதுதான்.

பிறகு சரசுவதி பூசை வந்தது.

ஒவ்வொரு வருடமும் கமெரா, கத்தரிக்கோல், கொம்பியூட்டர் எல்லாம் சரசுவதி படத்துக்கு முன் வைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பெற்று, விசயதசமி அன்று மீண்டும் வேலைக்குத் திரும்பும். இரண்டாயிரத்து ஏழில் மனிதருக்கு ஒரு ஞானம் பிறந்தது. கொம்பியூட்டர்ப் பெட்டிக்குப் பொட்டு வைப்பது சட்டைக்குப் பொட்டு வைப்பதுபோல அல்லவா? உயிர் இருக்கும் இடத்துக்கல்லவா வைக்க வேண்டும்? இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்தார். துடைத்தார். அவற்றின் மேல், கடவுளே ஏற்பாடு செய்ததுபோல, ஒரு சிறிய வட்டம் கீறியிருந்தது; வட்டத்தின் நடுவே ஊசித் துளை. பொட்டுக்கென்றே விட்ட இடம். பன்னீரில் குழைத்த சந்தனத்தை அந்த வட்டத்துக்குள் நிறைய வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் வஞ்சகமில்லாமல் ஒரே அளவு.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் பொடியாக ஒரு வரி இருந்தது. அதை அவர் தயாரித்த நாட்டின் பெயர் என்று நினைத்தாராம். 'இந்தத் துளையை மூட வேண்டாம்' என்பது அந்த வரி.

ஐப்பசி மழைக்குள் முதலாவது டிஸ்க் சத்தமிடத் தொடங்கியது. டக். கொஞ்சம் பொறுத்து, டக், டக். மரியாதையான ஒருவர் கதவைத் தட்டுவதுபோல. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் கதவு தட்டுப்பட்டால் வீட்டுக்குள் எல்லோரும் கையில் எடுத்த சோற்றுடன் அப்படியே இருப்பார்கள். சிவபாதசுந்தரமும் அப்படித்தான் இருந்திருக்கிறார், கொம்பியூட்டருக்கு முன்னால். மூன்றாம் நாள் முகங்கள் ஒன்றும் வரவில்லை. சரி, இரண்டாவது இருக்கிறதே என்று அதைப் பொருத்தினார். அதுவும் தட்டியது.

இதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் வதந்தி இன்னொரு குட்டி போட்டிருந்தது. திரைக்குப் பயந்து ஸ்டூடியோப் பக்கம் வராமல் விட்ட அதே சனம், ஒழுங்கையால் போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்கத் தொடங்கியது: அண்ணை, என்ர படம் இருக்குதானே? போன வருடம் எடுத்தது. ஏதும் நடந்தால் வீட்டில் வந்து கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். சிலர் தம்பியின் படத்துக்காகக் கேட்டார்கள். லொட்ஜ் மனேஜர் தனக்காகக் கேட்டார். எல்லோருக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்.

"இருக்கு."

அது பொய் என்று சொல்ல மாட்டேன். இருந்தது. சந்தனம் காய்ந்த இரண்டு இரும்புப் பெட்டிக்குள், ஒரே அளவில், ஒரே நீலத்தின் முன்னால், ஒருவரும் சிரிக்காமல், எல்லோரும் இருந்தார்கள். எடுக்கத்தான் முடியவில்லை. இரவில் கடைக்குப் பின்னறையில் படுத்திருப்பவருக்கு, கரண்டே கொடுக்காத டிஸ்க் தட்டுவது கேட்குமாம். எழும்பி லைட்டைப் போடுவாராம். கடல் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாராம்.

'இருக்கு' என்ற பதிலோடு திரும்பிப் போகாத முதல் ஆள் அருந்ததி. அவளுடைய புருசன் நகுலேஸ்வரன் செட்டியார் தெரு நகைக்கடையொன்றில் வேலை செய்தவன். மாசி மாதம் வேலைக்குப் போனவன் கடைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. கலியாணப் படமெல்லாம் பூட்டிய வீதிக்கு அப்பால், கிளிநொச்சியில். முறைப்பாடு எழுதும் அரசாங்கக் கந்தோரில் படம் இல்லாமல் கடுதாசி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். போன வருடம் தைப்பொங்கலுக்கு மறுநாள் பதிவுக்காக இந்தக் கடையில் எடுத்ததுதான் அவனுடைய ஒரே முகம். எடுத்த அன்று அவளும் கூட வந்து கமெராவுக்குப் பக்கத்தில் நின்றவள்.

சிவபாதசுந்தரம் நாளைக்கு வரச் சொன்னார். வந்தாள். அடுத்த நாளும் வந்தாள். மூன்றாம் முறை அவள் வாசலிலேயே இருந்துவிட்டாள். மனிதர் இரண்டு டிஸ்க்கையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"தங்கச்சி, அவர் இதுக்குள்ளதான் இருக்கிறார். என்னால எடுக்கேலாமல் கிடக்கு."

அவள் இரண்டையும் பார்த்தாளாம். எதற்குள் என்று கேட்டாளாம்.

கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் திருத்துகிற றேமண்ட் வரவழைக்கப்பட்டான். கழுத்தில் ஜெபமாலை, வாயில் ஓயாத கதை. டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்ததும் கதை நின்றது. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினான்.

"அங்கிள், இது மூச்சு விடுற ஓட்டை. மூக்கில பஞ்சு வெச்சிட்டு எழும்பு எழும்புன்னா எப்பிடி எழும்பும்?"

மூக்கில் பஞ்சு என்றதும் அருந்ததி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். றேமண்டும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு கொஞ்சம் பின்வாங்கினான். சந்தனம்தான் கொன்றது என்று சொல்ல முடியாதாம். கடல் காற்றாக இருக்கலாம். றெயில் அதிர்வாக இருக்கலாம். வயதும்தான், ஐந்து வருடம் ஓடிய டிஸ்க் கிழடு. ஒன்றும் செய்யாமல் அலுமாரிக்குள் வைத்தாலும் ஒரு நாள் சாகும், சாகிற நாளைச் சொல்லாது. இதைக் கேட்டு சிவபாதசுந்தரத்துக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இனி ஒரே வழி, குளிரில் வைத்துப் பார்ப்பது என்றான் றேமண்ட். பொலித்தீனில் சுற்றி ஐஸ்பெட்டிக்குள் வைத்தால் இறுகிக் கிடக்கும் இரும்பு கொஞ்சம் இளகிக் கொடுக்குமாம். கொஞ்ச நேரம் ஓடுமாம். பிறகு ஓடவே ஓடாதாம். அவனுக்கு ஒரு முறை சரிவந்ததாம். ஒரு முறை சரிவரவில்லையாம். ஐஸ்பெட்டி இருந்தது எதிரே பலீலிடம். பலீல் மூடியைத் திறந்து காட்டினார்.

"ஐஸ் கிறீம் பக்கம் எடமில்ல ஐயா. கோழிப் பக்கம்தான் ஈக்கிது. ஒங்கட சாமி கோவிக்காதா?"

நவராத்திரிக்கு மட்டுமல்ல, வருடம் முழுவதும் மச்சம் மாமிசம் தொடாத மனிதர் அவர். சரசுவதிக்கு முன்னால் இருந்த டிஸ்க்கைத் தன் கையாலேயே இரண்டு உறைந்த கோழிகளுக்கு நடுவில் வைத்தார்.

முதலாவது டிஸ்க் குளிரிலும் எழும்பவில்லை. அடுத்த நாள் பின்னேரம் இரண்டாவதற்குக் கொம்பியூட்டரையே கூல் ஸ்பொட்டுக்குக் கொண்டுபோனார்கள், ஐஸ்பெட்டியிலிருந்து வீதியைக் கடக்கும் சூடுகூடப் படக்கூடாதென்று. பலூடா குடித்துக்கொண்டிருந்த டியூசன் பிள்ளைகள் மேசையை விட்டுக்கொடுத்தார்கள். வயரைச் செருகினான் றேமண்ட். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பிறகு, பலீல் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார், பூனை நித்திரையில் இரைவதுபோல ஒரு சத்தம். கொம்பியூட்டர்த் திரையில், படம் எடுத்த நாட்களின் பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கின. எல்லா நாட்களும்.

"ஆரை எடுக்க அங்கிள்? கெதியாச் சொல்லுங்க, இது நிக்காது."

இந்த இடத்தில்தான் சிவபாதசுந்தரம் பேசாமல் நின்றார். யாரை எடுப்பதென்று தெரியாமல் அல்ல. அருந்ததி பக்கத்தில் நிற்கிறாள், வயர் கழலாமல் அதைப் பிடித்துக்கொண்டு. ஆனால் நாட்கள் எல்லாம் கண்முன் இறங்கியபோது, வாசலில் நின்று கேட்டவர்கள் எல்லோரும் ஒருமிக்க வந்துவிட்டார்களாம். லொட்ஜ் மனேஜர். தம்பிக்காகக் கேட்டவர்கள். 'இருக்கு' என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொருவரும். ஒருவரைச் சொன்னால் மற்றவர்களை இல்லையென்று சொல்வதாகும். யாழ்ப்பாணத்து வாசலில் நின்று ஒரு முறை ஒன்றை விட்டு மற்றதைத் தூக்கியவர்தானே. றேமண்ட் இரண்டாம் முறை கத்தினான். அப்போதுதான் அவர் சொன்னார்: தைப்பொங்கலுக்கு மறுநாள்.

படம் மேலிருந்து கீழாக விரிந்தது. முடி, நெற்றி, கண் இரண்டும். இடது காதருகே தையல். மூக்கு. அந்த நேரம் பாணந்துறை றெயில் ஒழுங்கை முடிவில் கடந்து போக, பலூடாக் கிளாசுகள் ஒன்றோடொன்று தட்டின. றெயில் போனபின் டிஸ்க் இரையவில்லை. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம், படத்தின் அடிவரை, ஒரே சீராக.

பலீல் றெயிலைத் திட்டினார். றேமண்ட் டிஸ்க்கைத் திட்டினான். சிவபாதசுந்தரம் ஒன்றையும் திட்டவில்லை. என்னிடம் சொன்னபோதும் குரல் உயரவில்லை.

"நான் யோசிச்சுக்கொண்டு நிண்ட நேரம்தான் அவரின்ர வாய்."

இருந்த பாதியை அச்சடித்துக் கொடுத்தார். அருந்ததி அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவள் சொன்னது அழுகை அல்ல, வழக்கு. இந்தப் படத்தில் அவர் சிரித்தவர் அண்ணை என்றாள். மனிதர் தயங்கி, தான் யாரையும் சிரிக்க விட்டதில்லை என்றார்.

"நீங்கள் சிரிக்கவேண்டாம் எண்டு சொன்னதுக்குத்தான் அவர் சிரிச்சவர். நான் பக்கத்தில நிண்டனான்."

கண்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, அவர் வைத்திருந்த இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு நேரம் சிரிக்கிறதுபோல இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் இல்லை. அந்தப் படத்தை அதிகம் பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அருந்ததி பாதி முகத்தோடு கந்தோருக்குப் போனாள். படம் வேண்டும் என்று சட்டம்; எவ்வளவு படம் என்று சட்டத்தில் இல்லை. மேசையிலிருந்த ஐயா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"அனித் பாகெ கோ?"

மற்றப் பாதி எங்கே என்கிறார். ஸ்டூடியோவில் இருக்கிறது, பிறகு தருவார்கள் என்று அருந்ததி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அப்படியே எழுதி, சாம்பல் பகுதியில் முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டார். நகுலேஸ்வரன் எங்கே என்று இந்த நாட்டில் ஒரு கடுதாசியிலும் இல்லை. அவனுடைய வாய் எங்கே என்று இருக்கிறது.

சிங்கப்பூரில் தூசே இல்லாத அறையில் வைத்து டிஸ்க்கைத் திறப்பார்களாம், றேமண்ட் சொல்கிறான். நம்மிடம் அப்படியோர் அறை கிடையாது. அந்த இரண்டாவது டிஸ்க் இப்போது பிஸ்கட் டின் ஒன்றுக்குள், துளை மேலே பார்க்க, மூடி பூட்டாமல் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வருட சரசுவதி பூசையிலும் அது சரசுவதிக்கு முன்னால் இருந்தது. கமெராவுக்குப் பொட்டு, கதிரைக்குப் பொட்டு, தைத்த திரைக்கும் ஒரு பொட்டு. டின்னுக்கு மட்டும் பூ, அதுவும் எட்ட.

கடைசியாக நான் போனபோது பொலிஸ் பதிவுக்கு ஒருவன் கதிரையில் இருந்தான். சிவபாதசுந்தரம் அவனுடைய நாடியை நிமிர்த்தினார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. அவனாகவே சிரிக்காமல் இருந்தான். அந்த நேரம் வாசலால் அருந்ததி போனாள். கிழமைக்கொரு முறை போகிறாளாம், உள்ளே வருவதில்லையாம்.

"அண்ணை, மிச்சம்?"

"தருவன் தங்கச்சி," என்றார் அவர், கமெராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருக்கு."